நிலுவைப் பதிவேடும் ஒரு ஷில்லிங் நோட்டும்



உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் 1929 அக்டோபர், நியூயார்க் பங்குச்சந்தை, ஒரே வாரத்தில் ஓட்டாண்டியான கோடீஸ்வரர்கள் என்று ஒரு படம் ஓடும். அந்தப் படத்தை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். நான் இன்று பங்குச்சந்தைக்குப் போகவில்லை. சாக்கடைக்குப் போகிறேன். தெருவிளக்குக்கும் குண்டும் குழியுமான ரோட்டுக்கும் வரி நிலுவைப் பதிவேட்டுக்கும் போகிறேன்.

காரணம் உண்டு. நாட்டின் பொருளாதாரம் படுத்துவிட்டது என்று நிதியமைச்சர் அறிக்கை விட்டுவிட்டுப் போய்விடலாம். நகர்மன்றத் தலைவர் அப்படிப் போக முடியாது. மறுநாள் காலையில் குப்பை அள்ளியாக வேண்டும். அள்ளுகிறவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆலை மூடியதால் வேலை போனவர் வரி கட்ட மாட்டார். வேலை போனதால் அவர் கடைக்குப் போக மாட்டார். அவர் வராததால் கடைக்காரரும் வரி கட்ட மாட்டார். இந்த மூன்று பேரும் மன்றத்தின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இதில் கட்சி இல்லை, கொள்கை இல்லை. எந்தக் கட்சி ஜெயித்திருந்தாலும் கல்லாப்பெட்டி காலிதான்.

அந்தக் காலத்தில் கையைத் தூக்கிவிட்ட மன்றங்கள் உண்டு. அமெரிக்காவின் தெற்கு முனையில் கீ வெஸ்ட் என்று ஒரு தீவு நகரம். பன்னிரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஊர். சுருட்டுத் தொழில் டாம்பாவுக்குப் போய்விட்டது. கடற்படைத் தளம் சுருங்கிவிட்டது. நகராட்சிக்குக் கடன் ஏறக்குறைய ஐம்பது லட்சம் டாலர். ஊரில் பெரும்பாலானவர்கள் நிவாரணத்தில் பிழைத்தார்கள். தெருவில் குப்பை மலையாகக் குவிந்தது. 1934 ஜூலையில் அந்த ஊர் மன்றம் என்ன செய்தது தெரியுமா? மாகாண ஆளுநருக்கு மனுப் போட்டது: “எங்களால் முடியவில்லை, அதிகாரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.” ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்து, மத்திய அரசின் நிவாரண அதிகாரியான ஜூலியஸ் ஸ்டோனிடம் ஊரை ஒப்படைத்தார். அவர் ஊர் மக்களையே கூலியில்லாமல் குப்பை அள்ள வைத்து, வீடுகளுக்கு வெள்ளையடிக்க வைத்து, சுற்றுலா ஊராக மாற்றப் பார்த்தார். அது ஒரு தனிக் கதை. தேர்ந்தெடுத்த மன்றம் ஓட்டுப் போட்டுத் தன்னையே ஓரம் கட்டிக்கொண்டது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

வட கரோலினாவில் ஆஷ்வில் என்ற மலைநகரம் வேறு மாதிரி மாட்டிக்கொண்டது. இருபதுகளில் நிலத்தின் விலை ஏறியபோது கடன் பத்திரம் விற்று விற்றுக் கட்டடம் எழுப்பினார்கள். நகராட்சியின் பணத்தில் பெரும்பகுதி ஒரே வங்கியில் கிடந்தது. 1930 நவம்பர் 20 அன்று அந்த வங்கி கதவைச் சாத்தியது. அந்தக் கடனை அந்த ஊர் எப்போது கட்டி முடித்தது? 1976இல். கடன் வாங்கிய தலைமுறை போய், அதன் பேரப்பிள்ளைகள் வந்து கட்டினார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த ஊருக்கு வருகிறேன். ஆஸ்திரியாவில், டிரோல் மலைப் பகுதியில், இன் ஆற்றங்கரையில் வோர்கல். அன்று சட்டப்படி அது நகரம்கூட இல்லை. சந்தை உரிமை பெற்ற ஊர், அவ்வளவுதான். நகரம் என்ற தகுதி 1951இல்தான் வந்தது. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். ரயில் ஜங்ஷன். பக்கத்தில் சிமெண்ட் ஆலை, காகிதக்கூழ் ஆலை. ரயில்வேயிலும் ஆலைகளிலும் வேலை பார்த்துச் சாப்பிட்ட ஊர்.

1931 மே மாதம் வியன்னாவில் கிரெடிட்அன்ஸ்டால்ட் என்ற பெரிய வங்கி சாய்ந்தது. ஐரோப்பாவே ஆடிப்போனது. வோர்கலில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆளைக் குறைத்தன. ரயில்வே ஆளைக் குறைத்தது. ஊருக்குள் மட்டும் நானூறு பேர் வேலையில்லாமல் நின்றார்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் ஆயிரத்தைந்நூறு பேர். அந்த ஆண்டு டிசம்பரில் மன்றத் தலைவராக வந்தவர் மிக்கேல் உன்டர்குக்கென்பெர்கர். பெயர் நீளம். நம் ஊர் இனிஷியல் முறை அங்கே இல்லாததால் முழுசாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்தவர், தொழிற்சங்கக்காரர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்.

பதவியேற்றதும் கணக்கு நோட்டைப் பிரித்தார். இன்ஸ்ப்ரூக் சேமிப்பு வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடன் 13 லட்சம் ஷில்லிங். அதற்கு வட்டிகூடக் கட்ட முடியவில்லை. மறுபக்கம் ஊர்க்காரர்கள் மன்றத்துக்குக் கட்டாமல் வைத்திருந்த வரி 1,18,000 ஷில்லிங். இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். என் பேச்சே இதன்மேல்தான் நிற்கிறது.

இந்த மனிதர் வாசகர். சில்வியோ கெசெல் என்ற ஜெர்மானிய வியாபாரி எழுதிய பொருளாதார நூலைப் படித்தவர். கெசெல் ஒரு விசித்திரப் பிறவி. அர்ஜென்டினாவில் வியாபாரம் செய்தவர், 1919இல் பவேரியாவில் புரட்சி அரசு வந்தபோது ஒரு வாரம் நிதிப் பொறுப்பில் இருந்தவர். ஒரு வாரம்! அதற்குமேல் அந்த அரசே நிலைக்கவில்லை. அவர் சொன்னது எளிமையானது. சந்தையில் கீரை விற்கிறவரால் சாயங்காலம் வரை காத்திருக்க முடியாது, வாடிவிடும். பணம் வைத்திருப்பவரால் காத்திருக்க முடியும், நோட்டு வாடாது. அதனால்தான் நெருக்கடி வந்தால் எல்லோரும் பணத்தை முடிந்துவைத்துக்கொள்கிறார்கள், வியாபாரம் நின்றுபோகிறது. பணத்தையும் வாட வையுங்கள், தானாக ஓடும் என்றார். பவேரியாவில் ஸ்வானென்கிர்ஷன் என்ற கிராமத்தில் ஒரு சுரங்க முதலாளி 1931இல் இதைச் செய்து பார்த்தார். அந்த ஆண்டிலேயே ஜெர்மன் அரசு அதைத் தடைசெய்துவிட்டது.

உன்டர்குக்கென்பெர்கர் இதை மன்றத்துக்குக் கொண்டுவந்தார். 1932 ஜூலையில் தீர்மானம். கட்சி வேறுபாடு இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். மன்றம் ஒரு சீட்டு அச்சடிக்கும். ஒன்று, ஐந்து, பத்து ஷில்லிங் மதிப்புள்ள சீட்டுகள். அதில் பணம் என்று எழுதவில்லை, வேலைக்கான சான்றுச் சீட்டு என்றே அச்சிட்டார்கள். வக்கீல் புத்தி! மாதம் பிறந்ததும் நோட்டின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு தபால்தலை போன்ற வில்லையை வாங்கி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நோட்டு அதன் முழு மதிப்புக்குச் செல்லாது. யார் கையில் மாதக் கடைசியில் மாட்டுகிறதோ, அவர் தலையில் அந்தச் செலவு. ஆஸ்திரிய ஷில்லிங்காக மாற்றிக்கொள்ள வேண்டுமா? மாற்றலாம், நூற்றுக்கு இரண்டு பிடித்தம்.

சும்மா அச்சடித்துவிடவில்லை. வெளியே விட்ட தொகைக்கு ஈடாக நிஜ ஷில்லிங்கை உள்ளூர் ரைஃபைசன் கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்தார்கள். பாதிரியாரும் சேர்ந்த ஒரு பொறுப்புக் குழு அதைக் காத்தது. அந்தப் பணத்தை வங்கி நம்பிக்கையான வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து, வட்டியை மன்றத்துக்குக் கொடுத்தது. ரைஃபைசன் என்ற பெயர் நமக்கு அந்நியமில்லை. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, கிராமக் கடன் முறைகளைப் பார்த்துவரச் சொன்னது. அவர் 1890களில் கொடுத்த அறிக்கை ரைஃபைசன் மாதிரியைத்தான் பரிந்துரைத்தது. நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் வோர்கல் வங்கிக்கும் தாத்தா ஒருவர்தான்.

ஜூலை 31 அன்று முதல் ஆயிரம் ஷில்லிங் சீட்டு கூலியாக வெளியே போனது. மன்ற ஊழியர்களும் தலைவரும் தங்கள் சம்பளத்தில் பாதியை இந்தச் சீட்டாகவே வாங்கிக்கொண்டார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். தலைவர் தன் சட்டைப்பையில் வாங்காத நோட்டைக் கடைக்காரர் ஏன் வாங்குவார்?

இங்கே ஒரு கதை சொல்வார்கள். மூன்று நாள் கழித்துக் கணக்கர் ஓடிவந்தாராம். “தலைவரே, மோசம் போய்விட்டோம், எவனோ கள்ள நோட்டு அடித்துவிட்டான்! நாம் வெளியே விட்டது ஆயிரம், வரியாக உள்ளே வந்திருப்பது ஐயாயிரம்!” தலைவர் சிரித்தாராம். ஒரே சீட்டு கூலியாகப் போய், கடைக்குப் போய், வரியாகத் திரும்பி வந்து, மறுபடி கூலியாகப் போய், மறுபடி வரியாக வந்திருக்கிறது. கதை நடந்ததோ இல்லையோ, கணக்கு சரி.

இனி என் கருத்துக்கு வருகிறேன். வோர்கலைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இதை ஒரு பண மந்திரமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு நோட்டும் நூற்றுக்கணக்கான முறை கைமாறியது, லட்சக்கணக்கில் வியாபாரம் நடந்தது என்று பெருக்கிப் பெருக்கிக் காட்டுகிறார்கள். எந்த நோட்டு எத்தனை கை மாறியது என்று யார் பின்னாலேயே போய் எண்ணினார்கள்? எனக்கு அந்தப் பெருக்கல் வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும்.

அச்சடித்தது 32,000 ஷில்லிங்குக்கு. ஊருக்குள் சுற்றியது சராசரியாக ஐயாயிரத்து ஐந்நூறு. வில்லை ஒட்டிய வருமானம் மாதம் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஐம்பத்தைந்து ஷில்லிங். ஆண்டு முழுவதும் எழுநூறைத் தொடாது. சீட்டு ஓடிய பதின்மூன்று மாதத்தில் அந்த மன்றம் செய்த வேலைகளின் மதிப்பு சுமார் ஒரு லட்சம் ஷில்லிங். எழுநூறு எங்கே, லட்சம் எங்கே? வில்லையா இதைக் கட்டியது?

பிடித்து வைக்கச் சொன்னேனே, அந்த 1,18,000! அங்கே இருக்கிறது பதில். கடைக்காரர் கையில் சீட்டு வந்துவிட்டது. என்ன செய்வார்? ரயில் நிலையத்தில் வாங்க மாட்டார்கள், தபால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள், அவை மத்திய அரசின் அலுவலகங்கள். ரயில்வேக்காரர் தலைவராக இருந்த ஊரில் ரயில் டிக்கெட் மட்டும் அந்தச் சீட்டுக்குக் கிடைக்காது! இன்ஸ்ப்ரூக் மொத்த வியாபாரி வாங்க மாட்டார். ஷில்லிங்காக மாற்றினால் இரண்டு போகும். பெட்டியில் வைத்தால் மாதம் ஒன்று போகும். முழு மதிப்புக்கு, ஒரு பைசாக் குறையாமல், எப்போது போனாலும் வாங்கிக்கொள்ளும் இடம் ஊரில் நிச்சயமாக ஒன்று உண்டு: மன்றத்தின் வரி கவுண்டர். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் வரி பாக்கி வைத்தவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். சிலர் அடுத்த தவணையை முன்கூட்டியே கட்டினார்கள். உலகத்தில் எந்தப் பில் கலெக்டராவது இப்படி ஒரு கனவு கண்டிருப்பாரா? வீட்டுக்கு வீடு நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கனவின் அருமை தெரியும்.

ஆக, வோர்கலில் நடந்தது முதலில் நிலுவை வசூல். கெசெலின் தத்துவம் நோட்டைத் தள்ளிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் நிலுவைப் பதிவேடு. அந்தப் பதிவேட்டை ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார், யார் எவ்வளவு பாக்கி என்று தெரிந்திருக்கிறது, கட்டினால் ரசீது கிடைத்திருக்கிறது. அந்தக் குமாஸ்தாவைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

வந்த பணம் எங்கே போனது? இங்கேதான் மன்றத்தின் அன்றாட வேலை வருகிறது. ரயில் நிலையச் சாலையைச் செப்பனிட்டார்கள். கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். தெருவிளக்கு வரிசையை நீட்டினார்கள். வேலையில்லாதவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். பனிச்சறுக்குத் தாவலுக்கு ஒரு மேடை கட்டினார்கள். அந்த நெருக்கடியில் விளையாட்டு மேடையா என்று இங்கே யாராவது எதிர்க்கட்சிக் கவுன்சிலர் கேட்பார். டிரோலில் குளிர்காலத்தில் ஆள் வந்தால்தான் விடுதிக்காரருக்கு வியாபாரம், அதனால் நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரு கான்கிரீட் பாலமும் கட்டி, இந்தப் புதுப் பணத்தில் கட்டியது என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். கல்வெட்டு ஆசை எந்த நாட்டு நகர்மன்றத்தையும் விடவில்லை.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். பெரும்பாலும் கூலிதான் பெரிய செலவாக இருக்கும் வேலைகள். மண்வெட்டி பிடிக்க ஆள் இருக்கிறது, கல்லும் மணலும் பக்கத்திலேயே இருக்கிறது. கூலியைச் சீட்டில் கொடுக்கலாம், வெளியூர்ச் சாமானுக்குச் சீட்டு செல்லாது. கடைக்காரர் வரி கட்டிவிட்டு வெளியே வந்தால், தன் கடை வாசலில் ரோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். தன் வரி எங்கே போகிறது என்று அவரிடம் யாரும் அறிக்கை படிக்க வேண்டியதில்லை.

நாடு முழுக்க வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே கால்வாசி குறைந்தது என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. நாலாயிரம் பேர் ஊரில் நூறு பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகப் புள்ளிவிவரத்தில் அது ஒரு தூசி. அந்த நூறு வீட்டில் அடுப்பு எரிந்தது.

பக்கத்து ஊரான கிர்ஷ்பிக்லும் இதே வழிக்கு வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் இதைக் கேள்விப்பட்டு 1933இல் வில்லை ஒட்டும் பணத்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பங்கு விலைகள் இனி இறங்காத மேட்டில் ஏறிவிட்டன என்று 1929 வீழ்ச்சிக்குச் சில நாள் முன்பு சொன்னாரே, அதே ஃபிஷர்தான். பெரிய பொருளாதார மேதை. சொத்தையும் இழந்தார், பேரையும் இழந்தார். பிறகு ஒரு ரயில்வே மெக்கானிக்கிடம் பாடம் படிக்க முன்வந்தார் என்பதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

வியன்னாவில் ஏறத்தாழ 170 ஊர்த் தலைவர்கள் கூடி உன்டர்குக்கென்பெர்கரின் பேச்சைக் கேட்டார்கள். தேசிய வங்கிக்கு அடிவயிறு கலங்கியது அப்போதுதான் என்பது என் ஊகம். ஓர் ஊர் செய்தால் விளையாட்டு, நூற்றெழுபது ஊர் செய்தால்? நோட்டு அச்சடிக்கும் உரிமை சட்டப்படி தேசிய வங்கிக்கு மட்டுமே. மேலதிகாரம் தடை விதித்தது. மன்றம் மேல்முறையீடு செய்தது. 1933 செப்டம்பர் 15 அன்று சீட்டு நின்றது. நவம்பரில் வியன்னா நிர்வாக நீதிமன்றமும் மன்றத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

வங்கி செய்தது அநியாயம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. நூற்றெழுபது ஊருக்கு நூற்றெழுபது நோட்டு என்றால், வரி கவுண்டர் ஒழுங்காக இல்லாத ஊரில் என்ன ஆகியிருக்கும்? ஈடு வைக்காமல் அச்சடிக்கும் தலைவர் வந்திருக்க மாட்டாரா? வோர்கலில் பாதிரியாரும் கூட்டுறவு வங்கியும் காவலுக்கு இருந்தார்கள். எல்லா ஊரிலும் இருப்பார்களா? ஆனால் ஒன்று கேட்கிறேன். தடை போட்டவர்கள் அந்த நானூறு பேருக்கு மாற்று ஏற்பாடு ஏதாவது வைத்திருந்தார்களா? கடன் கொடுத்தார்களா, மானியம் கொடுத்தார்களா? சட்டம் தெரிந்தவர்களுக்குச் சாக்கடை தெரியவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம்.

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. 1933 மார்ச்சிலேயே ஆஸ்திரியப் பிரதமர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கிவிட்டார். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை. சமூக ஜனநாயகக் கட்சி தடைசெய்யப்பட்டது. வோர்கல் தலைவரின் பதவியும் போனது. 1936இல் அவர் இறந்துபோனார். வரி பாக்கியால் தடுமாறிய மன்றத்தை நிமிர்த்தியவரை வீட்டுக்கு அனுப்பியது தேர்தல் இல்லை, துப்பாக்கி.

மேடைக்கு வருமுன் ஒரு தம்பி கேட்டார்: “ஐயா, நம்ம நகராட்சியும் இப்படி நோட்டு அடிக்கலாமா?” கூடாது தம்பி. 1934 ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இருக்கிறது. கையில் வைத்திருப்பவர் கேட்டதும் கொடுக்க வேண்டிய பணச் சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது. இங்கே உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர்கள் யாரும் அச்சகத்துக்குப் போன் போட வேண்டாம்.

இனி கேள்வி நேரம். நகராட்சியில் வரி வசூலில் இருந்தவர்கள் யாராவது சபையில் இருந்தால், மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.